யார் கேட்கப் போகிறார்கள்? பள்ளி இசைக்குழுவின் கேளிக்கைப் பூங்காப் பயணத்துக்கு நான்கு வழிகள்

பள்ளி இசைக்குழுவைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம் என்ற பேச்சு எழுந்ததுமே எல்லோரும் கேட்பது "எந்தப் பூங்கா?" என்பதுதான். பெற்றோருக்கு அடுத்த கேள்வி செலவு. பிள்ளைகளுக்கு எந்த ரோலர் கோஸ்டர் உயரமானது என்று தெரிந்தாகவேண்டும். பள்ளி ஒன்றில் பேண்டையும் சேர்ந்திசைக் குழுவையும் பதினோரு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இந்த மூன்று கேள்விகளுக்கும் முன்னால் வைக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது எனக்கு இரண்டாவது பயணத்தில்தான் உறைத்தது. அங்கே நம் பிள்ளைகள் வாசிப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

இதற்கு விடை தெரிந்தால் மற்ற முடிவுகளில் பாதி தானாக அமைந்துவிடும். பூங்காவின் திறந்த மேடையில் வாசித்தால், கேட்பவர்கள் அவ்வழியே நடந்துபோகிறவர்கள். பூங்காவின் வீதியில் அணிவகுத்துப் போனால், ஒவ்வொருவரும் கேட்பது சில வினாடிகள் மட்டுமே. பூங்காவுக்குப் பக்கத்து அரங்கில் நடக்கும் இசை விழாவில் வாசித்தால், நடுவர்கள் கேட்கிறார்கள். பூங்காவுக்குள் நடக்கும் பதிவுப் பட்டறையில் சேர்ந்தால் மைக் கேட்கிறது, பிறகு பிள்ளைகள் தாங்களே கேட்கிறார்கள். நான்கு வழிகளையும் 'பூங்காவில் நிகழ்ச்சி' என்ற ஒரே பெயரில்தான் சொல்கிறோம். ஆனால் ஒன்றுக்குத் தயாராகும் விதம் மற்றொன்றுக்கு உதவாது.

திறந்த மேடை

பெரும்பாலான பள்ளிகளின் மனத்தில் இருப்பது இதுதான். பதிவு ஒன்றை அனுப்பவேண்டும், பூங்கா அதைக் கேட்டுவிட்டு நாளும் நேரமும் தரும், அரை மணிக்குள் முடியும் நிகழ்ச்சி. புளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் உள்ள டிஸ்னி பூங்காக்கள் பல ஆண்டுகளாக மாணவர் குழுக்களை இப்படி மேடையேற்றி வருகின்றன. ஆர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்காவிலும் இதற்கெனத் தனித் திட்டம் உண்டு.

எங்கள் முதல் பயணமும் இதுவே. மூன்று மாதம் உழைத்து மெல்லிய, நிதானமான இசை ஒன்றைத் தயார் செய்திருந்தோம். அதன் நடுவில் புல்லாங்குழல் மட்டும் தனித்து ஒலிக்கும் எட்டு அளவுகள், அதாவது எட்டுத் தாளச் சுற்றுகள், வரும். வகுப்பறையில் அந்த இடத்தில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. அன்று மேடைக்குப் பின்னால் ரோலர் கோஸ்டரின் வளைவு இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இரும்புச் சக்கரங்களின் இரைச்சலும் ஐம்பது பேரின் அலறலும். அந்த எட்டு அளவுகளின் மேல் மிகச் சரியாக ஒரு வண்டி இறங்கியது. வாசித்த மாணவி குழலை உதட்டிலிருந்து எடுக்கவில்லை, கடைசிச் சுரம்வரை வாசித்தாள். ஆனால் முன்வரிசைக்குக்கூட அது எட்டவில்லை. கையை உயர்த்திக்கொண்டு நின்ற எனக்கே எட்டவில்லை. பிழை என்னுடையதுதான். மேடை எங்கே இருக்கிறது என்று நான் கேட்டிருந்தேன், மேடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

திறந்த வெளியில் ஒலி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். அரங்கில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பித் தருகின்றன. வெளியில் போன ஒலி போனதுதான். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். இதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டது போலத் தோன்றும். பயத்தில் பலமாக ஊதுவார்கள், சுருதி கெடும், தாளம் ஓடும். பயணத்துக்கு முந்தைய மாதம் வாரம் ஒரு முறையாவது விளையாட்டு மைதானத்தில் ஒத்திகை வைத்தால் இந்த அதிர்ச்சியை ஊரிலேயே கடந்துவிடலாம்.

அடுத்தது வெயில். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது, ஊதுகருவியின் சுருதியும் கூடவே ஏறுகிறது. வகுப்பறையின் 22 டிகிரியில் சேர்த்த சுருதி, மேடையின் 34 டிகிரியில் கணக்குப்படி அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு இதைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது. அதே வெயிலில் வயலின் தந்தியின் உலோகம் விரிந்து சுருதி இறங்கும். மின்விசைப் பலகையின் (கீபோர்டின்) சுருதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, ஊதுகருவிகளும் தந்திக் கருவிகளும் சேர்ந்த குழுவுக்கு நண்பகல் திறந்த மேடை என்பது ஆளுக்கொரு திசையில் இழுக்கும் தேர். அப்படிப்பட்ட குழுவுக்கு நான் இந்த வழியைச் சொல்லமாட்டேன். பேண்டு மட்டும் என்றாலோ, மின்விசைப் பலகையோடு பாடும் சேர்ந்திசைக் குழு என்றாலோ தாராளமாகப் போகலாம்.

பூங்கா என்னென்ன தரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலி எத்தனை, இசைத்தாள் தாங்கிகள் உண்டா, மைக் எத்தனை, ஒலியமைப்பைக் கவனிக்க ஆள் உண்டா, மேடைக்கு நிழல் உண்டா, பெரிய தாளக்கருவிகளை அங்கேயே இரவல் பெற முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். துணி காயப்போடும் கிளிப்புகளை ஆளுக்கு நான்கு வீதம் நீங்களே கொண்டுபோங்கள். காற்று ஒரு முறை வீசினால் முதல் வரிசையின் இசைத்தாள் எல்லாம் பார்வையாளர் மடியில் இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், திறந்த மேடை தரும் ஒன்றை மற்ற மூன்று வழிகளும் தருவதில்லை. பள்ளி விழாவில் கைதட்டுகிறவர்கள் அம்மாவும் அப்பாவும் பாட்டியும். பிள்ளைகள் எப்படி வாசித்தாலும் அவர்கள் தட்டுவார்கள். பூங்கா மேடைக்கு முன்னால் யாருக்கும் எந்தக் கடமையும் கிடையாது, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் முதல் நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டில், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு கடந்துபோன ஒருவர் திரும்பி வந்து நின்றார். குழந்தை காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ட்ரம்பெட் வாசிக்கும் பையன் அதைப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் வாசித்த விதமே வேறு. முன்பின் தெரியாத ஒருவரை நிற்கவைத்த அனுபவத்தை எந்த வகுப்பிலும் என்னால் கற்றுக்கொடுக்க முடியாது.

வீதியில் அணிவகுப்பு

டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட நாளிலிருந்தே அங்கே பேண்டு இசை உண்டு. 1971 அக்டோபர் 1 அன்று புளோரிடாவில் திறக்கப்பட்ட மேஜிக் கிங்டத்தின் வீதியிலும் எத்தனையோ பள்ளி பேண்டுகள் நடந்திருக்கின்றன. காணக் கண்கொள்ளாத காட்சி என்பதில் ஐயமில்லை. பூங்காவின் பின்புறத்தில், பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில், சீருடை சரிசெய்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். டிஸ்னி பூங்காக்களில் அந்தப் பின்புறத்தில் படமெடுக்க அனுமதி இல்லை, எனவே கைப்பேசிகள் பைக்குள் போய்விடும். பிறகு வாயில் திறக்கும். ஒரு நொடி முன்புவரை சரக்கு வண்டிகளும் தகரக் கொட்டகைகளும் இருந்த இடத்திலிருந்து, இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் நிற்கும் வீதிக்குள் முதல் அடி விழும்.

ஆனால் இது ஏற்கெனவே அணிவகுத்துப் பழகிய பேண்டுக்கு உரிய வழி. உட்கார்ந்து வாசிக்கும் பேண்டை ஆறு வாரத்தில் நடக்கவைத்துவிடலாம் என்று நம்பி யாரும் விண்ணப்பிக்கவேண்டாம். நடந்துகொண்டே ஊதும்போது காலடி மூச்சைக் குலுக்கும், மூச்சு சுரத்தைக் குலுக்கும். போதாக்குறைக்கு ஒலி நடக்கும் வேகமும் குறுக்கே வரும். ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகிறது. பேண்டின் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் 40 மீட்டர் இடைவெளி என்றால், பின்னால் அடிக்கும் அடி முன்னால் எட்ட 0.12 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தாள அடிகள் போகும் இசையில் அது ஓர் அடியில் கால் பங்குத் தாமதம். காதை நம்பி வாசித்தால் முன்வரிசை பிந்திக்கொண்டே போகும். அதனால்தான் முரசு வரிசையை நடுவில் வைப்பதும், காதைவிடக் கண்ணையும் காலையும் நம்பப் பழக்குவதும். இந்தப் பழக்கம் உடம்பில் ஊற ஒரு பருவம் முழுவதும் வேண்டும்.

கேட்பவர்களுக்கோ ஒரு பாட்டின் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஆகவே பட்டியல் நீளமாக இருக்கத் தேவையில்லை. இரண்டே பாடல்கள், மனப்பாடமாக, எந்த இடத்தில் கேட்டாலும் உயிரோடு இருப்பவையாக வைத்திருந்தால் போதும்.

நடுவர்கள் கேட்கும் விழா

அமெரிக்காவில் 'மியூசிக் இன் தி பார்க்ஸ்' போன்ற விழாக்கள் இந்த முறையில் நடக்கின்றன. காலையில் பூங்காவுக்கு அருகிலுள்ள பள்ளி அரங்கிலோ இசை மண்டபத்திலோ நடுவர்கள் முன் வாசிப்பு. பிறகு நாள் முழுவதும் பூங்கா. மாலையில் பூங்காவுக்குள்ளேயே முடிவு அறிவிப்பு. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி பூங்கா இதற்குப் பெயர்பெற்ற இடங்களில் ஒன்று.

இசை வளரவேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு இதற்கே. அரங்கு மூடியது, சுருதி நிற்கும், மெல்லிய இசைக்கும் இடமுண்டு, அந்தப் புல்லாங்குழலின் எட்டு அளவுகளும் கேட்கும். அதைவிட முக்கியம், நடுவர் சொல்லும் சொல். பல விழாக்களில் குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவர் தாழ்ந்த குரலில் ஒலிப்பதிவுக் கருவியில் பேசிக்கொண்டே வருவார். அந்தப் பதிவு பள்ளிக்கு வந்துசேரும். எங்களுக்கு வந்த ஒன்றில், நான் ஆண்டு முழுவதும் சொல்லிச் சலித்த ஒரு விஷயத்தை, கிளாரினெட்டுகள் சொற்றொடரின் கடைசிச் சுரத்தை அவசரமாக விட்டுவிடுகின்றன என்பதை, நடுவர் ஒரே வரியில் சொல்லியிருந்தார். வகுப்பில் அதை ஒலிக்கவிட்டேன். கிளாரினெட் வரிசை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. மறுநாள் முதல் அந்தக் கடைசிச் சுரம் நின்றது. நான் சொன்னால் ஆசிரியரின் நச்சரிப்பு, முன்பின் தெரியாதவர் சொன்னால் செய்தி. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

தரப் பட்டியல் என்ற முள்ளும் இதில் இருக்கிறது. எதிர்பார்த்த தரம் வராவிட்டால், அன்று மாலை பூங்காவின் நடுவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முன்னால் அது வாசிக்கப்படும். வளர்ந்த பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது வாத்தியத்தையே வெறுக்கச் செய்யலாம். சில விழாக்களில் தரம் இல்லாமல் கருத்து மட்டும் பெறும் வசதி உண்டு. இளைய குழுவுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவுப் பட்டறை

டிஸ்னி பூங்காக்களில் மாணவர்களுக்கு நடத்தப்படும் இத்தகைய பட்டறையில், தொழில்முறை இசைக்கலைஞர் ஒருவர் குழுவை ஏற்றுக்கொள்கிறார். பிள்ளைகள் அதுவரை பார்த்திராத திரையிசைத் தாள்களை அங்கேயே கொடுத்து, பார்த்தவுடன் வாசிக்கவைக்கிறார், திருத்துகிறார், பதிவு செய்கிறார். முடிவில் அந்த ஒலியைப் படக்காட்சியோடு சேர்த்துத் திரையில் காட்டுகிறார்கள்.

ஊரைவிட்டு வெளியே போய் வாசித்தே இராத குழுவுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. புதிய தாளைப் பார்த்தவுடன் ஓரளவாவது வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும். ஒவ்வொரு பாட்டையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வாசிக்கும் குழு அங்கே திணறிப்போகும். தினமும் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தைப் புதுத் தாளுக்கு ஒதுக்கினால் ஓராண்டில் அந்தத் தகுதி வந்துவிடும்.

இதில் பெற்றோரை எதிர்கொள்வதுதான் சிரமம். "இவ்வளவு செலவு செய்கிறோம், மேடை இல்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊருக்குத் திரும்பியதும் பள்ளி அரங்கில் அந்தப் பயிற்சியின் பலனைக் காட்டும் ஒரு மாலை நிகழ்ச்சியை நாளோடு அறிவித்துவிட்டால் அவர்களுக்கும் மனம் நிறையும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, தாங்கள் வாசித்ததைத் தாங்களே உட்கார்ந்து கேட்கும் அந்தச் சில நிமிடங்கள் போதும். வாசிக்கும்போது கேட்காத பிழைகள் அப்போது ஒவ்வொன்றாகக் கேட்கும். யாரும் சுட்டிக்காட்டவேண்டியதில்லை.

எந்த வழியானாலும்

பூங்காவில் கால் வைத்ததும் ராட்டினம், மாலையில் நிகழ்ச்சி என்று திட்டமிடாதீர்கள். மூன்று ரோலர் கோஸ்டரில் அலறிவிட்டு வரும் சேர்ந்திசைக் குழுவிடம் மேல் சுரங்கள் மிஞ்சியிருக்காது. வெயிலில் காய்ந்த உதட்டோடு ட்ரம்பெட் ஊதுவதும் அப்படித்தான். மாலையில் கூட்டம் அதிகம் என்று சொல்லி பூங்கா மாலை நேரத்தைத் தரக்கூடும். கூட்டம் குறைந்தாலும் பரவாயில்லை என்று காலையைக் கேட்டு வாங்குவேன்.

நிகழ்ச்சி முடிந்தபின் வாத்தியங்கள் எங்கே இருக்கும் என்ற கேள்வியைப் பலரும் கடைசி நாள்வரை தள்ளிப்போடுகிறார்கள். வெயிலில் நிற்கும் பஸ்ஸின் அடியறையில் வயலினை வைத்துவிட்டுப் போனால், பலகைகளை ஒட்டியிருக்கும் பசை இளகிப் பெட்டிக்குள்ளேயே பிரிந்துவிடக்கூடும். பூங்காவிடம் பூட்டும் வசதியுள்ள, நிழலான அறை கேளுங்கள். இல்லை என்றால் பெரியவர்கள் இருவர் முறைபோட்டுக் காவலிருக்கவேண்டும். விமானப் பயணமானால் செல்லோ போன்ற பெரிய கருவிக்குத் தனி இருக்கையே வாங்கவேண்டி வரலாம். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் பக்கத்துப் பூங்கா திடீரென்று அழகாகத் தெரியும்.

பஸ் என்றால் ஓட்டுநரின் நேரத்தைக் கணக்கிடுங்கள். அமெரிக்க விதிப்படி பயணிகள் பஸ் ஓட்டுநர் ஒரு பணிநாளில் மொத்தம் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணி நேரம், நான்கரை மணி ஓட்டியதும் 45 நிமிட ஓய்வு. அதிகாலையில் கிளம்பி நள்ளிரவில் திரும்பும் 'ஒரே நாள்' திட்டங்கள் காகிதத்தில் மலிவாக இருக்கும். ஓட்டுநர் தூங்கவேண்டும் என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. பயண நிறுவனத்திடம் முழுப்பொறுப்பையும் கொடுத்தாலும் இந்த ஒரு கணக்கை நீங்களே போட்டுப்பாருங்கள். மற்றபடி, அறுபது பேருக்கு மேல் தங்கல் ஏற்பாடு என்றால் நிறுவனம் நல்லது, பக்கத்துப் பூங்காவுக்குப் பள்ளியே போதும்.

செலவைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தொலைவிலுள்ள புகழ்பெற்ற பூங்காவுக்குப் போனால் நாற்பத்தாறு பேரில் முப்பத்தைந்து பேரால்தான் பணம் கட்ட முடியும் என்று ஓர் ஆண்டு தெரியவந்தது. நிர்வாகத்தில் சிலர் "முப்பத்தைந்து பேர் போதாதா?" என்றார்கள். வர முடியாதவர்களின் பட்டியலை எடுத்துப்பார்த்தேன். இரண்டாம் கிளாரினெட்டில் மூவர், ஒரே ஓபோ, இரண்டு ஹார்ன்களும். மெட்டு இருக்கும், அதைத் தாங்கும் உள்குரல்கள் இருக்காது. இசைத்தாளில் எழுதப்பட்டதில் பாதியை வாசித்துவிட்டு அதை எங்கள் பள்ளியின் இசை என்று எந்த முகத்தோடு சொல்வது? வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பதினோரு பேரிடம் திங்கட்கிழமை என்ன சொல்வது? அந்த ஆண்டு இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள சிறிய பூங்காவுக்குப் போனோம். நாற்பத்தாறு பேரும் வந்தார்கள். அந்தப் பயணத்தின் படம்தான் இன்றும் இசையறையின் சுவரில் இருக்கிறது.

இந்த ஆண்டுக் குழுவில் பாதிக்கு மேல் புதியவர்கள். தந்திக் கருவிகளும் சேர்ந்திருக்கின்றன. திறந்த மேடையைத் தள்ளிவைத்துவிட்டுப் பட்டறைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எல்லோரும் வருவதற்கான தொகைக்கு நிதி திரட்டும் வேலை பாதியில் நிற்கிறது. போன வாரம் வகுப்பு முடிந்ததும் இரண்டாம் வயலின் வாசிக்கும் சிறுமி ஒருத்தி வந்து, பட்டறையின் இசைத்தாளை எப்போது தருவார்கள், வீட்டில் பழகவேண்டும் என்று கேட்டாள். அங்கே போன பிறகுதான் தருவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, இதுவரை நாங்கள் வாசிக்காத பழைய தாள்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போனாள்.